சட்டை போடாத மார்கழி

அந்த மார்கழியில் ஒருநாள் காலை ஏழரை மணியாகியும் பனி எங்கள் தெருவைவிட்டு நகரவில்லை. எதிர்வீட்டு முருங்கை மரம்கூடத் தெரியவில்லை. நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். தலையில் குரங்குக் குல்லா, காலில் சாக்ஸ், இடுப்பில் கைலி. சட்டை இல்லை. மனைவியின் சிவப்புச் சால்வையை, வெறும் தோள் வெளியே தெரிய, நெஞ்சோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். மன்னார்குடியில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் பட்டா மாறுதல் மனு எழுத வந்தவர். கடை நாலு நாளாகப் பூட்டிக் கிடக்கவே, விசாரித்து ஊருக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சாமி சரணம். மாலை போட்டிருக்கீங்களா சாமி? அதான் கட பூட்டிக் கெடக்கு.”

மார்கழிக் குளிரில் ஒருவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தால் மலைக்கு மாலை போட்டிருக்கிறான் என்று நினைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவர்மேல் தப்பே இல்லை. இல்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாகச் சிரிப்புத்தான் வந்தது. சால்வை குலுங்கியது. அதன் கீழ் ஓரத்திலிருந்து மஞ்சள் சாக்ஸ் போட்ட ஒரு குட்டிப் பாதம், என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், வெளியே நீண்டு காற்றை ஒரு உதை உதைத்தது.

அவர் அந்தப் பாதத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“நான் பொங்கல் கழிச்சி வர்றேங்க,” என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்.

எட்டாம் மாதத்து அவசரக்காரி

அந்தப் பாதம் என் மகளுடையது. கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களைக் காக்க வைத்தவள், வருவதென்று முடிவு செய்தபின் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. எட்டாம் மாதத்திலேயே, கார்த்திகை மழையில், ஆம்புலன்ஸ் டிரைவரைப் பதறவைத்துக்கொண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வந்து பிறந்தாள். ஒரு மூட்டை சிமெண்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற எனக்கு, ஒரு கத்தரிக்காய்ப் பை கனமே இருந்த அவளைக் கையில் வாங்கத் தைரியம் வரவில்லை.

சூடு காட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் மனைவி கயல்விழி, ஆபரேஷன் தையலோடு, தினமும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பாள். உள்ளே கைவிடக் கொஞ்ச நேரம்தான் அனுமதி. பதினாலு நாள் அப்படி நின்றாள். ஒருநாளும் என் எதிரில் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எடை ஒரு கிலோ எண்ணூற்று இருபது. குழந்தைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெம்பு இன்னும் வரவில்லை, குளிர் பட்டால் குடிக்கிற பாலெல்லாம் சூடு உண்டாக்கவே செலவாகிவிடும், சதை பிடிக்காது என்று டாக்டர் விளக்கினார். அதனால் கங்காரு மாதிரி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். தோலோடு தோல் ஒட்டியிருக்க வேண்டும். அடுத்த வியாழன் எங்கள் ஊர் நர்ஸ் வந்து எடை பார்ப்பார். ஏறியிருந்தால் நல்லது. இறங்கியிருந்தால் மறுபடியும் கண்ணாடிப் பெட்டி.

வேனில் ஏறியதும் கயல் சொன்னாள்: “திரும்ப அந்தப் பொட்டிக்குள்ள எம் புள்ளைய வைக்க விடமாட்டேங்க. என்ன செய்வீங்களோ தெரியாது.”

ஏழு நாள். அதுதான் எங்களுக்குக் கிடைத்த கெடு.

எங்கள் ஊர்க் குளிர்

ஊட்டிக்காரர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கம் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். ஒத்துக்கொள்கிறேன், தெர்மாமீட்டரில் பார்த்தால் எங்கள் குளிர் ஒன்றுமில்லைதான். ஆனால் எங்களுக்கு அதில் பழக்கமும் இல்லை. மேலே பனி, கீழே வயல் முழுக்கத் தண்ணீர், நடுவில் சம்பா கதிர் விட்டு நிற்கிறது. அந்த ஈரம் கைலி, பாய், தலையணை என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும்.

அதனால் நாங்கள் குளிரை எதிர்கொள்ளும் விதம் கொஞ்சம் மிகையாக இருக்கும். டவுன் பஸ் கண்டக்டர் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, யார் எந்த ஊர் சொன்னாலும் “என்ன?” என்பார். டீக்கடையில் குரங்குக் குல்லா மாட்டிய பத்துப் பேர் வரிசையாக நின்றால் பெற்ற பிள்ளைகூட அப்பாவை அடையாளம் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த கம்பளிகள், அந்த நாட்டுக் குளிருக்கென்று நெய்தவை, இங்கே வந்து பீரோவில் பதினொரு மாதம் பாச்சை உருண்டை வாசத்தோடு தூங்கிவிட்டு மார்கழியில் வெளியே வரும்.

என் அண்ணன் ஒருமுறை டெல்லிக்குப் போய்வந்தார். அங்கே வாங்கிய ஸ்வெட்டரைத்தான் இன்றுவரை மார்கழி முழுக்கப் போடுகிறார். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் கழற்ற மாட்டார். வேர்த்து ஊற்றும். “குளுரு உள்ள போயிடும்டா,” என்பார்.

இந்த அண்ணனைப் பற்றித்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

அண்ணன் போட்ட மூட்டம்

முதல் பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில்தான் என்பது முறை. கயலின் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்ததால் கயலையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். வீட்டில் நாங்கள் இருவர், அண்ணன், அண்ணி. அண்ணன் ராசேந்திரன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்களுக்குப் பிள்ளையில்லை. பத்து மா நிலத்தில், அதாவது மூன்று ஏக்கர் சொச்சத்தில், நெல்லைத் தவிர வேறு எதையும் வளர்த்தறியாதவர்.

ஆனால் விதை நெல்லில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஊறவைத்த விதையைச் சாக்கில் கட்டி, வைக்கோலைப் போட்டு மூடி, மேலே கல்லை ஏற்றி மூட்டம் போடுவார். உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பி மறுநாள் முளை கட்டிவிடும். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தே சூடு பக்குவமா என்று சொல்லிவிடுவார். சுற்றுவட்டாரத்தில் பலர் விதை ஊறவைத்தால் அவரை வந்து கூப்பிடுவார்கள்.

குழந்தைக்குச் சூடு வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக நாங்கள் சொன்னோமா, அவ்வளவுதான். அது தன் இலாகா என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எங்கள் அறையின் ஜன்னல் இடுக்கெல்லாம் வைக்கோல் திணிக்கப்பட்டது. ஜன்னலுக்கு மேல் இரண்டு சாக்கு. கதவின் அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தார். மூலையில் ஒரு பழைய மண்சட்டி, அதில் கரியும் உமியுமாகக் கணப்பு. அறை நிஜமாகவே கதகதப்பாக இருந்தது. கதவைத் திறந்து கையை மட்டும் உள்ளே நீட்டி, காற்றைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

“பக்குவமா இருக்கு. யாரும் கதவத் தொறக்காதீங்க.”

நாங்களும் திறக்கவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகவே தோன்றியது. எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தவன், பிளஸ் டூவில் வேதியியல் படித்தவன், அந்தச் சட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

சனிக்கிழமை காலை எழும்போது எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. கயலுக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. பனிதான் காரணம் என்று பேசிக்கொண்டோம். பாப்பா நன்றாகத் தூங்குகிறாள் என்று சந்தோஷப்பட்டோம். ஆறு மணிக்குக் குடிக்க வேண்டிய பாலை அவள் குடிக்கவில்லை.

நல்லவேளை, நர்ஸம்மா கலைச்செல்வி அன்றைக்கே ஒரு நடை எட்டிப் பார்க்க வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து அறைக் கதவைத் திறந்தவர், பாப்பாவை வாரியெடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனார். “எல்லாரும் வெளியில வாங்க,” என்றார். குரல் உயரவில்லை. ஆனாலும் நாங்கள் ஓடினோம்.

பாப்பாவின் சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலைச் சுண்டினார். உதட்டைப் பார்த்தார். மூச்சை எண்ணினார். டாக்டருக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்துக்குள் பால் குடிக்காவிட்டால் உடனே கிளம்பி வரச் சொன்னார் டாக்டர். அண்ணி வேனுக்குச் சொல்லிவிட்டார். கயல் பாப்பாவை மார்போடு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் விடவில்லை. “சூடா இருக்கணும்னு டாக்டர்தானம்மா சொன்னாரு? நான் நாப்பது வருஷமா மூட்டம் போடுறேன். ஒரு விதை வீணானதில்ல.”

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அவரும் விவசாயக் குடும்பம்தான் போலிருக்கிறது.

“விதைய மூட்டம் போட்டா அப்புடியே விட்டுடுவீங்களாங்க?”

“அதெப்படி விடுறது? நடுவுல பிரிச்சிக் கௌறி விடணும். காத்துப் போவணும். இல்லன்னா உள்ளயே வெந்து அழுகிப்போயிடும்.”

“நெல்லுக்கே காத்து வேணும்ல?”

அண்ணன் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மூடின அறைக்குள் கரி எரிந்தால் அதில் வருகிற விஷக்காற்றுக்கு வாசமே இருக்காது, பெரியவர்களுக்குத் தலைவலி, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு உயிரே போய்விடும் என்று நர்ஸம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. போய்ச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார். ஜன்னல் வைக்கோலை ஒவ்வொரு பிரியாகப் பிடுங்கினார். அந்த மனிதர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

“குடிக்கிறா,” என்றாள் கயல்.

வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணி போய், டிரைவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

கூச்சக்காரன் நெஞ்சு

நர்ஸம்மா புதுச் சட்டம் போட்டார். கரி, உமி, சாம்பிராணி எதுவும் கூடாது. ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும், ஆனால் நேர்க்காற்று பாப்பாமேல் படக்கூடாது. குளிப்பாட்டக் கூடாது. தலைக்குக் குல்லா, காலுக்குச் சாக்ஸ், இடுப்பில் துணி, மற்றபடி வெறும் உடம்போடு ஒருவர் நெஞ்சில்தான் இருக்க வேண்டும். அவள் முகம் ஒருபக்கமாகத் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்க வேண்டும். வைத்திருப்பவர் தூங்கிவிடக் கூடாது.

“யாரு நெஞ்சா இருந்தாலும் பரவால்லீங்க. சுத்தமா இருக்கணும், சளி இருமல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

நர்ஸம்மா கிளம்புவதற்குள் கயலுக்குப் பால்கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு நடுங்கினாள். பாலூட்டலாம், மணிக்கணக்கில் கட்டிக்கொள்ள முடியாது. ஆக, என் முறை.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் கூச்சம். பள்ளிக்கூடத்து மருத்துவ முகாமில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபோது சிரித்துச் சிரித்து மேஜையிலிருந்து விழுந்தவன் நான். என் கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்த டெய்லர் பாதியிலேயே டேப்பை உதறிவிட்டு, “பழைய சட்டையக் கொண்டாங்க, அதுல அளந்துக்கிறேன்,” என்றார். அக்குள் பக்கம் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட என் கதை முடிந்தது.

அப்படிப்பட்ட நெஞ்சில் ஒரு கிலோ எண்ணூற்று இருபது கிராம் பெண் படுத்துக்கொண்டு பத்து விரலாலும் முடியைத் துழாவினால் என்ன ஆகும்? சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஜிஎஸ்டி படிவத்தை நினைத்துக்கொண்டேன், கரண்ட் பில்லை நினைத்துக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நெஞ்சு ஏறி இறங்கியது, அவளும் கூடவே ஏறி இறங்கினாள்.

“சிஸ்டர், இது பாப்பாவுக்கு ஆகாதுங்க. வேற யாரையாவது...”

நர்ஸம்மா சால்வையை விலக்கிப் பார்த்தார். “தூங்கிட்டா. நீங்க பாட்டுக்குச் சிரிங்க சார்.”

அப்படியே அட்டவணை போட்டோம். காலையில் நான். பதினொரு மணிக்குமேல் அண்ணி. இராத்திரியில் காய்ச்சல் விட்டால் கயல், இல்லாவிட்டால் நானும் அண்ணியும் மாற்றி மாற்றி. அண்ணனை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். வயலுக்குப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, டெல்லி ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெறும் மாரோடு என் எதிரில் வந்து நின்றார்.

“ஏன்டா, நானும் கொஞ்ச நேரம் வச்சிக்கவா? வேணாம்னா வேணாம்.”

கயலைப் பார்த்தேன். அவள் போர்வைக்குள்ளிருந்தே, “வாங்க மாமா, உக்காருங்க,” என்றாள்.

அண்ணனின் தொப்பை அன்றுவரை எங்கள் வீட்டில் கேலிப்பொருள். பாப்பாவுக்கு அது மெத்தையாகிவிட்டது. அவர் மூச்சுவிடவே பயந்து, முதல் பத்து நிமிஷம் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, “பேப்பர எடு,” என்றார். தினமும் காலையில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது. அன்றைக்கு அதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். வரத்து இவ்வளவு, திறப்பு இவ்வளவு. “நமக்கு இனிமே தண்ணி பெருசா வேணாம்டி ஆத்தா, கதிரு வந்துடுச்சி,” என்று விளக்கமும் சொன்னார். அவள் ஒரு கொட்டாவி விட்டாள். டெல்டாவின் பாசனப் பிரச்சினையைப் பற்றி அவ்வளவு அழகான கருத்தை நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து சண்டை ஆரம்பித்தது. அண்ணி முறை வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே வந்து நிற்பார். அண்ணன் இப்போதுதான் தூங்கினாள், எழுப்பாதே என்பார். நான் என் பங்கு நேரத்தைக் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டேன். கடை பூட்டிக் கிடந்ததையே மறந்துவிட்டேன். ஊர் முழுக்கக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அலைய, எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் சட்டையில்லாமல் வரிசையில் நின்றோம். அந்த மனுக்காரர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனது செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை

புதன்கிழமை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன் காலை கயல், காய்ச்சல் விட்ட முகத்தோடு, தலைசீவிப் பொட்டு வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிப் பையை அண்ணி மறைவாகக் கட்டி வைத்திருந்ததை நான் பார்த்தேன். கயலும் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

நர்ஸம்மா எடை பார்க்கும் மிஷினைக் கட்டிலில் வைத்தார். அண்ணன் குறுக்கே வந்தார்.

“ஒரு நிமிஷம் இருங்கம்மா.”

அடுக்களைக்குப் போய், பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். வாழ்நாள் முழுக்க நெல் மூட்டையை எடைபோடக் கொடுத்தவர். எந்தத் தராசையும் சோதிக்காமல் நம்ப மாட்டார். ஒரு கிலோ ஐந்து கிராம் காட்டியது.

“அஞ்சு கிராம் கவருங்க,” என்றார் நர்ஸம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“அப்பச் சரி. வைங்க.”

நான் சால்வையை விலக்கினேன். குல்லா, சாக்ஸ், துணி எல்லாம் எடுத்தாயிற்று. நர்ஸம்மா கைநீட்டினார். அந்தச் சமயம் பார்த்து என் மகள், என் நெஞ்சிலிருந்து தொப்புள்வரை சூடாக, நிதானமாக, நனைத்துவிட்டாள்.

அண்ணி தலையில் கைவைத்தார். “போச்சு. அது எத்தனை கிராமோ.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கிராமுக்காக நான் நிஜமாகவே வருத்தப்பட்டேன். நர்ஸம்மா ஒரு துணியை விரித்து, மிஷினைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அவளைத் தட்டில் படுக்கவைத்தார். எண்கள் ஓடின. கயல் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஒண்ணு தொள்ளாயிரத்து அறுவது,” என்று படித்தார். “இன்னொரு வாட்டி போடுங்கம்மா.”

இன்னொரு வாட்டி போட்டார். அதேதான். அண்ணன் மூன்றாவது வாட்டியும் கேட்டிருப்பார், கயல் சத்தம்போட்டு அழ ஆரம்பித்துவிட்டதால் விட்டுவிட்டார். அந்தப் பதினாலு நாளும் அழாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அன்றைக்கு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணி ஆஸ்பத்திரிப் பையை எங்கள் எதிரிலேயே பிரித்துத் துணிகளைப் பீரோவில் அடுக்கினார்.

நர்ஸம்மா நோட்டில் எழுதி முடித்துவிட்டுப் பாப்பாவுக்குத் துணி சுற்றினார். கயலின் கையில் கொடுத்தார். “இனிமே அம்மா வச்சிக்கிட்டாப் போதும். காச்சலும் வுட்டுடுச்சி. நீங்க சட்டை போட்டுக்கலாம் சார். பாவம், ஒரு வாரமா கஷ்டப்பட்டுட்டீங்க.”

அண்ணி என் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். இஸ்திரி போட்டது. ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு கையை நுழைத்தேன். வெளியே பனி விலகி, முருங்கைமேல் வெயில் விழுந்திருந்தது. ஆனால் அவள் படுத்திருந்த இடம், நெஞ்சின் நடுவில் ஒரு சாண் அகலம், அப்படிச் சில்லிட்டது. இரண்டாவது கையை என்னால் நுழைக்க முடியவில்லை.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

“கயலு, அவளைக் கொஞ்சம் குடு,” என்றேன். “எனக்குக் குளுருது.”